ஆயில் மாற்றும் கருவித் தொகுப்பு: லோடு வண்டிக்குத் தாங்குமா?

வண்டியின் எஞ்சின் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கென்று இணையக் கடைகளில் இப்போது ஒரு கருவித் தொகுப்பு விற்கிறார்கள். மூடியுள்ள வடிதட்டு, ஆயில் ஃபில்டரைக் கழற்றுவதற்கான பட்டை ரெஞ்ச், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கின் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சும் கைப்பம்பு, நீண்ட கழுத்துள்ள புனல், ரப்பர் கையுறைகள், பல அளவு வாஷர்கள் அடங்கிய சிறு டப்பா ஆகியவை ஒரே அட்டைப்பெட்டியில் வருகின்றன. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே இருக்கிறது. கார், ஜீப், சிறிய சரக்கு வாகனம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று பெட்டியின் மேலே அச்சிட்டிருக்கிறார்கள். காருக்கு ஏற்றது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சரக்கு வாகனத்துக்கு ஏற்றது என்பது பாதிதான் உண்மை என்பதையும், அந்தப் பாதி எது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் வண்டி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்திய பிக்கப், பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் என்னும் வாகனப் புகை விதியின் நான்காம் கட்டம்) காலத்தது. களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி, இடையில் தாழையூத்திலிருந்து சிமெண்ட் மூட்டை என்று கிடைக்கிற பாரத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. கேரளத்துக்குப் போகும் சுமையாக இருந்தால் புளியரை எஸ் வளைவில் சிறிய கியரில் முக்கி ஏற வேண்டியிருக்கும். முழுப் பாரம், மலையேற்றம், சுண்ணாம்புத் தூசி, சந்தை வாசல்களில் எஞ்சினை அணைக்காமல் நிற்பது ஆகியவை சேரும்போது, வண்டியோடு தரப்படும் கையேடு அதைக் கடுமையான பயன்பாடு என்று வகைப்படுத்தி, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே ஒரு குடும்பக் கார் காணாத அளவுக்கு இந்தத் தொகுப்பு என்னிடம் உழைக்க வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டைப் படிக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வேலையை வீட்டில் செய்வதால் பெரிய பணம் மிஞ்சும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாலையோரப் பட்டறைகளில் ஆயில் மாற்றக் கேட்கும் கூலி சொற்பம். ஆயிலை அவர்களிடமே வாங்கினால் கூலியே கேட்காத இடங்களும் உண்டு. மிஞ்சுவது வேறொன்று. எஞ்சினுக்குள் எந்த ஆயில் போயிற்று, எவ்வளவு போயிற்று, ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா என்பது நமக்குத் தெரிகிறது. நான் முன்பு வண்டியை விட்டுவந்த பட்டறையில் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவார்கள். என்ன தரம் என்று கேட்டால், "நல்ல ஆயில்தான் அண்ணாச்சி, எல்லா வண்டிக்கும் இதைத்தான் ஊத்துதோம்" என்பதுதான் பதில். பில்லிலும் ஆயில் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் இருக்காது. ஒருமுறை ஃபில்டர் மாற்றியதாகப் பில் கொடுத்த பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பழைய ஃபில்டரின் மேல் பெயிண்ட் பேனாவால் நானே எழுதியிருந்த தேதி, துடைத்த துணியின் எண்ணெய்ப் பளபளப்போடு அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் இந்தத் தொகுப்பை வாங்கினேன்.

தொகுப்பில் ஆயில் வராது. அதை நாம்தான் வாங்க வேண்டும். வேலையின் பாதி வெற்றி அங்கேயே முடிவாகிவிடுவதால் அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கேனின் மேல் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். முதலாவது ஆயிலின் தடிமன். 15டபிள்யூ-40 என்பதில் 15டபிள்யூ என்னும் முற்பகுதி குளிர்கால நிலையைக் குறிப்பது. அதற்கான சோதனையைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் செய்கிறார்கள். மார்கழி விடியலில்கூட வியர்க்காமல் இருந்தாலே குளிர் என்று சொல்லும் திருநெல்வேலிச் சீமைக்கு அந்த எண்ணால் ஆகப்போவது அதிகமில்லை. பிற்பகுதியான 40தான் நமக்கு முக்கியம். 100 டிகிரி வெப்பத்திலும் ஆயில் இன்ன அளவுக்குக் கீழே இளகிவிடக் கூடாது என்பதற்கான எண் அது; 12.5 முதல் 16.3 செண்டிஸ்டோக் வரையிலான பிசுபிசுப்பு அதற்குரிய வரம்பு. சித்திரை வெயிலில் முழுச் சுமையோடு ஏற்றம் ஏறுகிற எஞ்சினில் பேரிங்குகளுக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தப் பிசுபிசுப்பின் படலம் மட்டுமே.

இரண்டாவது குறியீடு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த தரவரிசை. டீசல் எஞ்சின் ஆயில்கள் சி என்ற எழுத்தில் தொடங்கும். சி.ஐ.-4 என்ற தரம் 2002-இல் வந்தது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு உள்ள வண்டிகளை எண்ணி வகுக்கப்பட்டது. அதன் மேம்பட்ட வடிவமான சி.ஐ.-4 பிளஸ்தான் பி.எஸ்.-4 வண்டிகளுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. 2016 டிசம்பரில் சி.கே.-4 வந்தது. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரியும்போது மிஞ்சும் சாம்பல் அந்த வடிகட்டியில் போய்த் தங்கிவிடும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் சி.கே.-4 தரத்தில் சாம்பலின் அளவுக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிக்கு ஊற்றி மிஞ்சிய சி.ஐ.-4 பிளஸ் ஆயிலைப் புதிய பி.எஸ்.-6 வண்டிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்கள், பிறகு வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பல மடங்கு செலவழிக்க நேரிடும்.

வாங்கும்போது கேனின் மூடியைத் திருகி, உள்ளே வாயோடு ஒட்டிய தகட்டு முத்திரை கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, நிகர அளவு ஆகியவை அச்சில் தெளிவாக இருக்க வேண்டும்; பொட்டலப் பொருள்களுக்கு இது சட்டப்படியான கட்டாயம். சில கேன்களுக்குள் மெக்கானிக்குகளுக்கென்று ஊக்கக் கூப்பன் இருக்கும். மெக்கானிக் நமக்கு ஒரு குறிப்பிட்ட ஆயிலை அழுத்திச் சிபாரிசு செய்வதற்கு ஆயிலின் குணம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கூப்பனைக் கையில் எடுத்துப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். காலி கேனை எடைக்குப் போடும் முன் அதன் பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டுவிடுவது நல்லது. போலி ஆயில் அடைப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது நல்ல நிலையிலுள்ள காலி கேன்.

இனித் தொகுப்புக்கு வருகிறேன். இதில் உள்ளவற்றிலேயே உருப்படியானது வடிதட்டுதான். எட்டு லிட்டர் கொள்ளும் கறுப்பு நிறத் தட்டு. அகலம் தாராளம், உயரம் குறைவு. வண்டியைத் தூக்காமலேயே, எஞ்சினின் கீழ்ப்பகுதியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கு அடியில் தள்ளிவிட முடிகிறது. மேற்பரப்பு நடுவில் பள்ளமாகச் சரிந்து ஓர் அடைப்பானில் முடிகிறது. அந்த அடைப்பானைத் திறந்து வைத்தால் ஆயில் உள்ளே இறங்கிவிடும். மூடிவிட்டால் தட்டைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஓரத்தில் திருகு மூடியோடு ஒரு மூக்கு இருப்பதால் பழைய ஆயிலைக் கேனுக்கு மாற்றும்போது ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. இத்தனை காலம் அறுத்த டின்னையும் பழைய சட்டியையும் வைத்துக்கொண்டு தரையெல்லாம் மணல் தூவிக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அகலம் ஏன் முக்கியம் என்பதை வேலை செய்யும்போதுதான் உணர முடியும். பெரும்பாலான எஞ்சின்களில், கழற்றி ஆயிலை வடிப்பதற்கான டிரைன் போல்ட் சம்பின் அடிப்பக்கத்தில் நேர்கீழாக இல்லாமல் பக்கவாட்டில் சற்றே சாய்ந்து இருக்கும். போல்ட்டைக் கையால் சுற்றிக் கடைசிப் புரியை விடுவித்த கணத்தில், உள்ளே நிறைந்திருக்கும் ஆயில் தன் அழுத்தத்தால் ஒரு சாண் தள்ளிப் போய் விழுகிறது. சம்பில் மட்டம் இறங்க இறங்க அந்தத் தாரை மெல்லப் பின்வாங்கி, இறுதியில் துளைக்கு நேர்கீழே வந்து, தூக்குவாளியின் விளிம்பில் வடியும் நல்லெண்ணெய் போல நூலாக மெலிகிறது. குறுகிய பாத்திரமாக இருந்தால் அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியின் அடிப்பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. தாரை கனமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நூலாக மெலிந்த பிறகு காற்று அதைப் பக்கவாட்டில் இழுத்துத் தட்டின் விளிம்பையும் தாண்டித் தரையில் கோலம் போட்டுவிடும். தட்டின் விளிம்பு இன்னும் இரண்டு விரல் உயரமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது இந்த இடத்தில் மட்டும்தான். காற்று வீசும் பக்கத்தில் ஒரு சாக்கை வண்டியின் பாடியிலிருந்து தொங்கவிட்டால் சரியாகிவிடுகிறது. எங்களைப் போல வளவு வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பொது நடையில் ஆயில் கறை விழுந்தால் அக்கம்பக்கத்து அத்தைமார், மதினிமார் வாயில் விழுந்து எழுவது சுலபமல்ல.

அடுத்தது ஃபில்டர் ரெஞ்ச். தொகுப்பின் மிகப் பலவீனமான பொருள் இதுதான். ரப்பர் கலந்த பட்டை ஒன்றை ஃபில்டரைச் சுற்றி மாட்டி, கைப்பிடியை இழுத்தால் பட்டை இறுகித் திரும்பும் என்பது இதன் அமைப்பு. புதிய ஃபில்டரில், காய்ந்த கையோடு, மேசை மேல் வைத்துத் திருகிப் பார்த்தால் அருமையாகத்தான் பிடிக்கிறது. ஆனால் வண்டியில் இருக்கும் ஃபில்டர் அப்படி இருக்காது. ஆயில் கசிவும் சாலைத் தூசியும் சேர்ந்து அதன் மேல் ஒரு பசை படிந்திருக்கும். மாதக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்த கேஸ்கெட் என்னும் ரப்பர் வளையம் அதைத் தன் இருக்கையோடு ஒட்ட வைத்திருக்கும். பட்டை வழுக்குகிறது. துடைத்துவிட்டு மறுபடி மாட்டினால் கொஞ்சம் பிடித்து மீண்டும் வழுக்குகிறது. அது போதாதென்று, பிக்கப்பின் சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே உள்ள சந்தில் கைப்பிடியைத் திருப்ப இடமில்லை. காரின் பானெட்டைத் திறந்ததும் மேலேயே தெரிகிற ஃபில்டருக்காக வடிவமைத்த கருவி இது என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் நான் உதிரிபாகம் வாங்கும் கடையில் இந்தப் பட்டையைக் காட்டியபோது கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, இது காருக்காரவுக வச்சிக்கிடுதது. உங்க வண்டிக்குத் தொப்பி போட்டாத்தான் சரிவரும்" என்று சொல்லி, ஃபில்டரின் அடிமுனையில் கவிழ்த்து மாட்டும் இரும்புத் தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஃபில்டரின் அடிப்பகுதியில் உள்ள பட்டை முகங்களின் எண்ணிக்கைக்கும் விட்டத்துக்கும் பொருந்துகிற அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஆகவே பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. தொப்பியின் நடுவில் உள்ள சதுரத் துளையில் ராட்செட் கைப்பிடியை மாட்டிவிட்டால் கீழேயிருந்து நேராகத் திருப்பலாம். பக்கவாட்டில் இடமே தேவையில்லை. சங்கிலி ரெஞ்சும் அதே கடையில் இருந்தது. அது எந்த அளவு ஃபில்டரையும் பிடிக்கும், வழுக்காது. ஆனால் முரட்டுத்தனமாக இழுத்தால் தகட்டை நசுக்கிவிடும். தூக்கி எறியப்போகிற பழைய ஃபில்டர்தானே என்று நினைக்கலாம். நசுங்கிய ஃபில்டர் பாதி கழன்ற நிலையில் நின்றுவிட்டால் அன்றைய பொழுது அதோடு போய்விடும். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்பும் பழைய வைத்தியத்தைப் பற்றியும் என் கருத்து இதுவே.

உறிஞ்சும் பம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிப் ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய குழலை இறக்கிக் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் ஆயில் ஏறி வருகிறது. ஆனால் வருகிற வேகத்தைப் பார்த்தால் காலைச் சாப்பாடு மதியச் சாப்பாடாகிவிடும். தவிர, இந்த முறையில் சம்பின் அடியில் தங்கும் கசண்டு அப்படியே இருந்துவிடுகிறது. போல்ட்டைக் கழற்றினால், அதன் நுனியில் ஒட்டி வருவதை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, வெறும் கரியா, மினுங்கும் உலோகத்தூளா என்று அறிய முடியும். நீண்ட காலம் ஓட வேண்டிய வண்டிக்கு அந்தத் தகவல் ஆயிலைவிட மதிப்புள்ளது. தாழ்வாக அமைந்த சொகுசுக் காரின் அடியில் நுழைய முடியாதவர்களுக்கு இந்தப் பம்பு உதவக்கூடும்; பிக்கப்புக்கு இது தேவையே இல்லை. தவறுதலாக அதிகம் ஊற்றப்பட்ட ஆயிலைச் சிறிதளவு வெளியே எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புனல் நன்றாக இருக்கிறது. கையுறை ஒரு முறைக்கு மேல் தாங்கவில்லை. பழைய ஆயில் தொடர்ந்து தோலில் படுவது உடலுக்குக் கேடு என்பதால் கையுறையைத் தவிர்க்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை இதைவிட மேல். வாஷர் டப்பாவைத் திறந்து பார்த்தால் அளவுகள் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் டிரைன் போல்ட்டுக்கு வேண்டிய அளவில் உள்ளது மெல்லிய அலுமினியம். என் வண்டிக்குச் செம்பு வாஷர்தான் போட வேண்டும். சில ரூபாய்க்கு உதிரிபாகக் கடையில் கிடைக்கிறது. அழுத்தத்தில் நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் வாஷரின் வேலை என்பதால், ஒருமுறை நசுங்கியதை மறுமுறை போட்டு, கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது, சம்பின் புரியை அழிப்பதில் போய் முடியும். புரி அழிந்தால் சம்பையே மாற்ற நேரிடும்.

தொகுப்போடு வரும் செய்முறைத் தாளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஃபில்டரை ரெஞ்ச் கொண்டு இயன்றவரை இறுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இது தவறு. புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சுத்தமான ஆயிலை விரலால் தடவ வேண்டும். பழைய வளையம் எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிறகு கையால் திருகி, வளையம் இருக்கையைத் தொட்ட இடத்திலிருந்து ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பெரும்பாலான ஃபில்டர்களில் அது முக்கால் சுற்று. இரண்டு வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்துவிட்டால், எஞ்சினை முடுக்கிய சிறிது நேரத்தில் மேல்வளையம் பிதுங்கி மொத்த ஆயிலும் வெளியே கொட்டிவிடும். இந்த ஆபத்தைப் பற்றிச் செய்முறைத் தாளில் ஒரு வரிகூட இல்லை. ஆயிலைக் கொதிக்கக் கொதிக்க வடிக்கச் சொல்வதும் வேண்டாத வீரம். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வடித்தால் கரியும் கூடவே வந்துவிடும், கையும் வேகாது.

ஊற்றும் அளவைக் கையேட்டில் பார்த்து, அதற்குச் சற்றுக் குறைவாக ஊற்றி நிறுத்த வேண்டும். எஞ்சினை முடுக்கி, ஆயில் அழுத்த விளக்கு அணைவதைப் பார்த்த பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். புதிய ஃபில்டர் நிறைந்து டர்போவின் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர அந்த நேரம் தேவை. அணைத்து, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து, டிப் ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கும்படி மீதியை ஊற்ற வேண்டும். அடுத்த சுமை இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறவர்கள் ஆயில் அதற்குள் கறுத்துவிட்டதே என்று பதறுவதுண்டு. டீசல் எஞ்சினில் புதிய ஆயில் விரைவிலேயே கறுக்கத்தான் செய்யும். கரியைத் தன்னுள் ஏந்தி, எங்கும் படியவிடாமல் வைத்திருப்பதற்கான சேர்மானங்கள் அதில் இருக்கின்றன. நிறத்தைவிட மட்டத்தைக் கவனிக்க வேண்டும். மட்டம் குறைந்தால் ஆயில் எரிகிறது அல்லது கசிகிறது. மட்டம் கூடினால் டீசல் கலந்திருக்கலாம்; பி.எஸ்.-6 வண்டிகளில் கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் சுழற்சி பாதியில் பாதியில் தடைப்படும்போது இப்படி நேர்வதுண்டு.

தொகுப்பில் இல்லாத இரண்டு பொருள்களையும் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள் இல்லை. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளும் இல்லை. பிக்கப்பின் அடியில் தூக்காமலேயே நுழைந்துவிடலாம் என்பதால் சமதளமான சிமெண்ட் தரையும், முன்னும் பின்னும் கட்டையும், கையிழுப்பு பிரேக்கும் போதும். உடல் பருத்தவர்கள் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அடியில் நுழைய நினைத்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் நுழையக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அவை ஓசையில்லாமல் தாங்கிக்கொண்டிருந்து திடீரென்று நொறுங்கும் தன்மையுள்ளவை. வீட்டுத் தேவைக்கென்று ஒரு விற்பனையாளர் கருவித் தொகுப்பு விற்கும்போது, பல வண்ண வாஷர்களுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் கட்டைகளைச் சேர்த்திருக்கலாம்.

பழைய ஆயில் என்னவாகும் என்ற கேள்விக்கு இந்தத் தொகுப்பு, வேண்டுமென்றோ வேண்டாமலோ, ஒரு நல்ல விடையைத் தருகிறது. வடிதட்டிலேயே மூடி இருப்பதால் ஆயிலை உடனே எங்கேயாவது கொட்டித் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை. நம் பக்கத்தில் பழைய ஆயிலுக்கு ஆயிரம் வேலை வைத்திருப்பார்கள்: வேலிக்கால் கரையான் அரிக்காமலிருக்கப் பூசுவது, கதவுக் கீலுக்கு விடுவது, அடுப்பு மூட்டுவது என்று நீளும். தேய்ந்த உலோகத் துகளும் பாதி எரிந்த டீசலும் கரியும் கலந்த அந்தத் திரவத்தை அடுப்பில் எரித்து மூச்சில் இழுப்பதும், மண்ணில் விட்டுக் கிணற்று நீரில் கலக்கவிடுவதும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. அதைவிடக் கொடுமை, சாக்கடையில் ஊற்றுவது. பாளையங்கால்வாயையும் நெல்லைக் கால்வாயையும் ஒட்டிய தெருக்களின் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கால்வாய்களுக்குக் கீழே வயல்கள் இருக்கின்றன. தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் ஆற்றின் முகத்துவாரமான புன்னைக்காயல் பக்கம் வரைக்கும் இருக்கின்றன.

பயன்படுத்திய எஞ்சின் ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிறது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, விற்ற ஆயிலில் ஒரு பங்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் உற்பத்தியாளர்கள் மேலும் வந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது, ஆயில் வாங்கிய அதே கேனில் பழைய ஆயிலை நிரப்பி, தண்ணீரோ பிரேக் ஆயிலோ கூலண்டோ கலக்காமல், பெரிய சர்வீஸ் நிலையங்களின் சேகரிப்புப் பீப்பாயில் கொண்டு சேர்ப்பதுதான். அவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது தவறில்லை. பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து, உள்ளே உள்ள ஆயில் முழுவதும் வடியும்வரை விட்டுவிட வேண்டும். நினைப்பதைவிட அதிகமாகவே வடியும். அதற்கும் இந்தத் தட்டின் நடுப்பள்ளம் பொருத்தமான இடம்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், ஒரு காரும் ஒரு லோடு வண்டியும் சேர்த்து வைத்திருக்கிற வீட்டுக்கு இந்தத் தொகுப்பு பரவாயில்லை. 2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து நம் தெருக்களில் பெருகிவிட்ட குட்டி யானை வகைகளுக்கும் இரண்டு, மூன்று சிலிண்டர் எஞ்சின்களுக்கும் எட்டு லிட்டர் தட்டு தாராளம். பிக்கப்புக்கும் போதும். ஆறு சக்கர லாரிக்குப் போதாது; அவர்கள் பாதியில் போல்ட்டைத் திரும்பப் போட்டுத் தட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். லோடு வண்டி மட்டும் வைத்திருப்பவர்கள் மூடியுள்ள வடிதட்டைத் தனியாகவும், தங்கள் ஃபில்டருக்கேற்ற தொப்பியையும் செம்பு வாஷர்களையும் உள்ளூர்க் கடையிலும் வாங்கிக்கொண்டால், இந்தத் தொகுப்பின் விலையில் முக்கால் பங்குக்குள் முடித்துவிடலாம். மீதியில் டபரியா நிறுவனத்தின் ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொண்டால் போல்ட்டின் முனை மழுங்காமல் காலத்துக்கும் கிடக்கும்.

பட்டை ரெஞ்ச் வழுக்குவதைப் பற்றி விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன். மரியாதையாகப் பதில் எழுதி, மாற்றுப் பொருள் அனுப்புவதாகச் சொன்னார்கள். சொன்ன நாளில் வந்தும் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், நிறம் மட்டும் மாறிய அதே பட்டைதான். அதையும் திருப்பி அனுப்பி, அந்த ஒரு பொருளுக்குரிய தொகையைக் கேட்டதற்கு, தொகுப்பாக வாங்கியதால் தனித் தொகை தர முறையில்லை என்று தெரிவித்திருக்கிறார்கள்.